ஒரே தகட்டில் காதும் வாயும்

நாள் 211, காலை 04:40

நிலவின் தென்முனை, குகை ஆய்வுக்கூடம். பதிவு எழுதுவது முனைவர் ஜெசிந்தா பர்னாந்து, போஸ்ட்டாக் ஆய்வாளர், மென்படலப் பிரிவு. கூடத்தில் ஆட்கள் இரண்டு பேர். காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சரி. எட்டுத் தகடுகளும் வேலை செய்கின்றன.

விதிப்படி தினமும் எழுதணும், எழுதுறேன். யார் படிக்கப் போறாங்கன்னு தெரியாது. போன ஆறு மாசத்துல இந்தப் பதிவை ஒருத்தரும் திறக்கலன்னு கம்ப்யூட்டரே காட்டுது. அதனால கொஞ்சம் மனசுவிட்டு எழுதினாலும் குடி முழுகிடாது.

என் வேலை இதுதான். தலைமுடியைவிட மெல்லிசா ஒரு பீசோ படலம், அதை இரும்புத் தகட்டு மேல படிய வைக்கிறது. அழுத்தினா கரண்டு தரும், கரண்டு கொடுத்தா அசையும். அந்தப் படலத்துக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது, எனக்கும் அதுக்கு மேல பெருசா ஒண்ணும் தெரியாது. அப்படி எட்டுத் தகட்டை குகைக்கு மேல உள்ள பாறையில வரிசையா முடுக்கி வச்சிருக்கோம். பாறை முனகினா படலத்துக்குக் கேக்கும். என் மேசை வரைக்கும் ஒயர் வருது, ஹெட்போன் மாட்டினா எனக்கும் கேக்கும்.

தூத்துக்குடியில பிறந்து கடலைப் பாத்து வளர்ந்தவ தண்ணியில்லாத இந்த ஊருக்கு ஏன் வந்தேன்னா, பேராசிரியர் சடகோபன் சொன்னாரு. "நிலவுல ஒரு வருஷம் இருந்து அளந்துட்டா நம்ம பேப்பர் எங்கயோ போயிரும் ஜெசி" ன்னாரு. பேப்பர் எங்கயும் போகல. நான்தான் வந்து சேந்தேன்.

கூட இருக்கிறது ஆவுடையப்பன் அண்ணாச்சி. கோவில்பட்டிக்காரர், பாறைப் பொறியாளர், தினமும் குகைக்குள்ள போய் கல்லை வெட்டி எடுத்துட்டு வர்றவரு. குகைக்குள்ள ரேடியோ எடுக்காது. அதனால சுத்தியலால சுவத்துல தட்டுவாரு, என் தகட்டுல கேக்கும். அதுக்கு எழுத்துமுறை அவரு கண்டுபிடிச்சதுதான். ஒண்ணாங்கிளாஸ் உயிர்மெய் அட்டவணை. மெய்யெழுத்து எத்தனாவதோ அத்தனை தட்டு, கொஞ்சம் இடைவெளி, உயிரெழுத்து எத்தனாவதோ அத்தனை தட்டு. மூணு வருஷம் உயிரைக் கொடுத்து நான் செஞ்ச தகடு, இவருக்குக் காலிங்பெல். நான் திருப்பித் தட்ட வழி கிடையாது. டாக்டரம்மா வாயே திறக்காம கேக்குற ஒரே நேரம் இதுதான்னு கேலி பண்ணுவாரு.

இப்பதான் வண்டியை எடுத்துட்டுப் போனாரு. இன்னிக்கு குகையோட உள்கோடி வரைக்கும் போறதா சொன்னாரு.

நாள் 211, காலை 05:58

05:51-க்கு எட்டுத் தகட்டிலும் அளவு உச்சத்துக்குப் போய் அப்படியே நின்னுது. நாற்பது நொடி. மேசையில இருந்த டம்ளர் நகர்ந்து விழுந்தது. குகை வாசல் பக்கம் தூசி எழும்பி விழுந்தது. வண்டியோட விளக்கு தெரியல.

ரேடியோவில கூப்பிட்டுப் பாத்தேன். உள்ள இருந்தா எடுக்காதுன்னு தெரியும், இருந்தாலும் கூப்பிட்டேன். பெரிய தளத்துக்குத் தகவல் கொடுத்தாச்சு.

நாள் 211, காலை 06:17

தட்டுறாரு. மூணாவது நாலாவது தகட்டுக்கு நடுவுல இருந்து வருது. "உசுரோட இருக்கேன். ரெண்டு பக்கமும் அடைச்சிருச்சு." எழுத்து எழுத்தா எண்ணி எழுதிப் பாத்துட்டு மேசையில தலைய வச்சு அழுதேன். பதிவுல இதெல்லாம் எழுதக்கூடாதுதான். எழுதிட்டேன்.

நாள் 211, காலை 08:50

நடந்தே வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தேன். வண்டி கல்லுக்கு அடியில கிடக்கு. வாசலை அடைச்சிருக்கிற பாறை ஒவ்வொண்ணும் ஒரு டவுன் பஸ் அளவுக்கு இருக்கு. கடப்பாரையைப் போட்டு நெம்பினேன். ஒரு கல்லு கூட அசையல. நிலவுல எடை கம்மின்னு சொல்றவங்களைக் கூட்டிட்டு வந்து இதைத் தள்ளச் சொல்லணும்.

பெரிய தளத்துத் தலைவி லோகநாயகி அம்மா பேசினாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன். "ட்ரில் வண்டியை நானே ஓட்டிட்டு வர்றேன். எட்டு மணிக்கு வந்துருவேன், ராத்திரி எட்டு. மேல இருந்து துளை போட்டு ஆளை எடுக்க ஒன்பதரை ஆகும். அதுக்கு முன்னாடி முடியாது ஜெசிந்தா, வழியில சரிவு இருக்கு. அவருகிட்ட எவ்வளவு காத்து இருக்கு?"

அவரு சூட்ல உள்ளதும் கையில கொண்டுபோன உபரி உருளையும் சேத்து, அசையாம படுத்துக் கிடந்தா இருபது மணி நேரம். வேலை செஞ்சா பாதிதான்.

அவரு வேலை செஞ்சுட்டு இருக்காரு. தகட்டுல கேக்குது. கல்லைத் தோண்டுறாரு, இழுக்குறாரு, மூச்சு வாங்க நிக்கிறாரு, மறுபடி தோண்டுறாரு. வெளிய என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது. யாரும் வரலன்னு நினைச்சா நான்கூட அதைத்தான் செய்வேன்.

இப்ப படுத்தாருன்னா ராத்திரி பத்தரை வரைக்கும் காத்து வரும். போதும், ஆளு பொழைச்சிருவாரு. படுங்கன்னு அவருகிட்ட யாராவது சொல்லணும்.

நாள் 211, காலை 09:25

வழி இருக்கு. என் மூளைக்கு மூணு மணி நேரம் ஆச்சு.

அழுத்தினா கரண்டு தர்ற படலம், கரண்டு கொடுத்தா அசையும்னு நானே மேல எழுதியிருக்கேன். தகடு காது மட்டுமில்ல, வாயும்தான். ஒயர்ல பெரிய வோல்டேஜை விட்டு விட்டுக் கொடுத்தா தகடு பாறையைத் தட்டும். பாறையில ஹெல்மெட்டை வச்சா அவருக்குக் கேக்கும். படலம் கேக்குறதுக்காகச் செஞ்சது, பேசுறதுக்காக இல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஓயும். ஆனா நாலு வார்த்தைக்குத் தாங்கும்.

வேலை ஆரம்பிச்சாச்சு. முதல்ல படலங்களை எழுப்பணும். தூங்கிட்டிருக்கிற படலத்துக்கு எடுத்த எடுப்புல முழு வோல்டேஜ் கொடுத்தா விரிசல் விட்டுரும். அதனால கம்மியான வோல்டேஜை முன்னும் பின்னும் மாத்தி மாத்தி இருபது நிமிஷம் கொடுத்துப் பழக்கிட்டுத்தான் வேலை வாங்கணும். எங்க லேப்ல சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அந்த நேரத்துல தகட்டுச் சத்தத்தை ஹெட்போனுக்குக் கொண்டுவர்ற ஆம்ப்ளிஃபயரைக் கழட்டி வச்சிரணும், இல்லன்னா கருகிரும். கழட்டி வச்சிட்டேன். தகட்டுக்கு இருபது நிமிஷம். ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் வரிசையா.

நாள் 211, மதியம் 12:20

என்னை என்ன சொல்லித் திட்டுறதுன்னே தெரியல.

எட்டும் எழும்பினதும் ஆம்ப்ளிஃபயரை மாட்டி ஹெட்போனைப் போட்டேன். இடி மாதிரி சத்தம். அண்ணாச்சி வெறி பிடிச்ச மாதிரி தோண்டிட்டு இருக்காரு. காலையில தோண்டினது இதுல கால்வாசி கூட இல்ல. நடுவுல நின்னு தட்டினாரு. "ட்ரில் கேக்குது. நானும் இந்தப் பக்கமிருந்து வாறேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியல. எந்த ட்ரில்லு, லோகநாயகி அம்மா இன்னும் பாதி தூரம் கூட வரலையேன்னு யோசிச்சேன். அப்புறம்தான் பிடிபட்டது. மாத்தி மாத்தி வோல்டேஜ் கொடுத்தா படலம் அதிரும். ரெண்டே முக்கால் மணி நேரம் எட்டுத் தகடும் ஒண்ணு மாத்தி ஒண்ணு பாறையில உறுமியிருக்கு. அவரு காதுல ட்ரில்லுன்னு விழுந்திருக்கு. மீட்க ஆளு வந்துட்டாங்கன்னு நினைச்சு, பக்கத்துல வர்ற சத்தத்தை நோக்கி உயிரைக் கொடுத்துத் தோண்டியிருக்காரு. நான் ஆம்ப்ளிஃபயரைக் கழட்டி வச்சிட்டு டீ குடிச்சிட்டு இருந்தேன்.

ஒரு தகட்டை எழுப்பியிருந்தா போதும். ஒரு வார்த்தை சொல்ல எதுக்கு எட்டுத் தகடு? எட்டையும் எழுப்புறதுதான் வழக்கம், அதனால எழுப்பினேன். வேற காரணமே இல்ல.

நாள் 211, மதியம் 12:55

சொல்லிட்டேன். "படு." ஒன்பது, ஒண்ணு. அஞ்சு, அஞ்சு. மொத்தம் இருபது தட்டு. முதல் தடவை அவரு தோண்டுற சத்தத்துல விழல. கை ஓய்ஞ்சு நிக்கிற நேரமாப் பாத்து மறுபடி அடிச்சேன். தோண்டுறது சட்டுன்னு நின்னுது.

"யாரு?" ன்னு தட்டினாரு.

"நான்" னு அடிச்சேன்.

"ட்ரில்லு?"

அதுக்கும் "நான்" னுதான் அடிச்சேன். வேற எப்படிச் சொல்றது, அந்தச் சத்தம் நான்தான்னு. ஹெட்போனைக் கையால அழுத்திப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் தட்டினாரு.

"நல்ல ஆளு நீங்க."

அவரு குரல் எனக்குத் தெரியும். என் டப்பாவுல உப்பு தீந்துபோனா இதே குரல்லதான் சொல்லுவாரு. சிரிச்சுட்டேதான் சொல்லியிருப்பாரு, சாமி சத்தியமா. அதுதான் தாங்க முடியல.

"மணி" ன்னு அடிச்சு, ஒன்பதும் அரையும் அடிச்சேன். எப்ப வருவாங்கன்னு அவருக்குத் தெரியணும் இல்லையா. மீட்டரைப் பாத்திருப்பாரு, மனசுல கணக்குப் போட்டிருப்பாரு. கல்லு கணக்கு போட்டே வாழ்ந்த மனுஷன்.

"பத்தாது" ன்னு தட்டினாரு.

நானும் போட்டுப் பாத்தேன். ரெண்டே முக்கால் மணி நேரம் அப்படித் தோண்டினதுல மிச்சம் இருந்த காத்துல பாதிக்கு மேல போயிருச்சு. இனிமே விரல்கூட அசைக்காம கிடந்தாலும் சாயங்காலம் ஆறைத் தாண்டாது. மூணரை மணி நேரம் குறையுது. காலையிலேயே ஒரே தகட்டை எழுப்பி "படு" ன்னு சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாரு.

நாள் 211, பகல் 14:10

லோகநாயகி அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், நான் செஞ்சதையும் சேத்து. வண்டி சரிவுல இறங்குற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் சொன்னாங்க: "என்னால இதுக்கு மேல வேகமா வர முடியாது ஜெசிந்தா. வண்டி கவுந்தா அவரோட நானும் போயிருவேன். நீங்க அவரு கூடவே இருங்க. அவரைத் தனியா விடாதீங்க."

இருக்கேன்னு சொன்னேன்.

படலங்கள் ஓய்ஞ்சிட்டே வருது. திருப்பித் திருப்பி வளைச்ச கம்பி மாதிரி, உள்ள இருக்கிற படிகமெல்லாம் ஒரு பக்கமும் திரும்பாம இறுகிப் போயிருச்சு. இப்ப தட்டினா பழைய சத்தத்துல மூணுல ஒரு பங்குதான் வருது. அஞ்சாவது தகடு செத்தே போச்சு. இன்னும் ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் மிச்சம். எந்த வார்த்தைன்னு யோசிச்சுட்டே இருக்கேன். மன்னிச்சிருங்கன்னு சொல்லலாம்னா, அதுக்கே எண்பது தட்டு ஆகும். அதுவும் எனக்காகச் சொல்றதுதானே தவிர அவருக்கு அதுல என்ன இருக்கு.

நாள் 211, பகல் 15:20

அண்ணாச்சி தட்டினது, முழுசா:

"வீட்டுக்கு இப்பச் சொல்லாண்டாம். முடியட்டும்."

அவரு வீட்டம்மா செண்பகவல்லி அக்கா. வாரம் ஒருக்கா பேசுவாங்க. நான் சாப்பிட்டேனான்னு அவரை விட என்கிட்டத்தான் அதிகமா கேப்பாங்க.

அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி:

"ஒரே அமைதியா கிடக்கு. அந்தச் சத்தத்தப் போடுங்க."

எந்தச் சத்தம்னு எனக்குத் தெரியும். ட்ரில்லுன்னு நினைச்சு ஏமாந்தாரே, அந்தச் சத்தம். அது ட்ரில் இல்லன்னு தெரிஞ்சும் கேக்குறாரு. உறுமல்னாலும் பக்கத்துல ஆளு இருக்கிற மாதிரி இருந்திருக்கும் போல.

நாள் 211, பகல் 15:34

போட்டுட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, இந்த நாலு தகட்டிலயும் கம்மி வோல்டேஜ்ல விட்டிருக்கேன். மத்ததுல ஆம்ப்ளிஃபயர் மாட்டியேதான் இருக்கு, ஆனா ஹெட்போன்ல அந்த உறுமல் மட்டும்தான் கேக்குது. இனி அவரு தட்டினா எனக்குக் கேக்காது. காதும் வாயும் ஒரே தகடு. பேசணும்னா கேக்க முடியாது.

இதை அவருகிட்டச் சொல்லல. சொல்ல மிச்சமிருந்த தட்டு பத்தாது. பதிலுக்கு ஒண்ணும் அடிக்காம சத்தத்தையே போட்டேன். அதுவே பதில்னு நினைச்சுக்குவாரு.

நாள் 211, மாலை 17:05

வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே இருக்கேன். படலம் ஓய ஓய சத்தம் குறையுது, குறைஞ்சா அவரு பயந்துருவாரு. குமிழ்ல இருந்து கையை எடுக்கல. ஒரு தடவை பாத்ரூம் போகணும்னு இருந்தது, போகல.

நடுவுல நிறுத்திட்டு கொஞ்சம் கேட்டுப் பாப்பமான்னு ரெண்டு தடவை கை போச்சு. நிறுத்தினா நான் கைவிட்டுட்டேன்னு நினைப்பாரு. இந்த நிலைமையில நிறுத்தின படலம் மறுபடி கிளம்புமாங்கிறதும் சந்தேகம். அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையாவது ஒழுங்கா செய்வோம்னு விட்டுட்டேன்.

அவரு கூடப் பேசிட்டே இருக்கேன், வாய்விட்டு. அவருக்குக் கேக்காது. காலையில அவரு கழுவாமப் போட்டுட்டுப் போன பாத்திரத்தைப் பத்தித் திட்டினேன். பேராசிரியரைத் திட்டினேன். எங்க ஊருல மாதா தேர் வரும்போது பனிமயம் கோயில் முன்னாடி கூட்டத்துல நான் தொலைஞ்சு போன கதையைச் சொன்னேன். ஜெபமும் சொன்னேன். அவரு கும்புடுறது வேற சாமி, இருக்கட்டும், யாராவது ஒருத்தர் கேட்டா சரி.

நாள் 211, மாலை 18:00

ஆறு மணி. நிறுத்தல.

நாள் 211, இரவு 20:10

நாலாவது தகடு மட்டும் ஓடுது. மத்த மூணும் போச்சு. லோகநாயகி அம்மா வந்து இறங்கிட்டாங்க, வண்டி விளக்கு ஜன்னல்ல தெரியுது. ட்ரில்லைப் போடுறதுக்கு முன்னாடி கேட்டாங்க: "எந்த இடத்துல?" மூணுக்கும் நாலுக்கும் நடுவுலன்னு சொன்னேன். "தட்டுறாரா?" ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.

நிஜ ட்ரில்லு கிளம்பினதும் நான் என்னோடதை நிறுத்தினேன். ரெண்டு சத்தமும் ஒண்ணு போலவே இருக்கு. நாலாவது தகட்டுல புகை வந்தது.

நாள் 211, இரவு 21:42

லோகநாயகி அம்மா: "எடுத்துட்டோம் ஜெசிந்தா." உசுரு இருக்கான்னு கேட்டேன், "இல்லம்மா" ன்னாங்க.

சுவத்துல ஹெல்மெட்டைச் சாச்சு, மடியில சுத்தியலை வச்சு உக்காந்திருந்தாராம். காத்து முழுசா தீந்துருந்துச்சாம்.

நாள் 213, காலை 10:15

கூடத்தில் ஆட்கள் இரண்டு பேர். லோகநாயகி அம்மா என்கூடத் தங்கியிருக்காங்க. எட்டுத் தகடுகளும் செயலிழப்பு.

செண்பகவல்லி அக்கா பேசினாங்க. தளத்துல இருந்து முதல் நாளே தகவல் சொல்லிட்டாங்க. நானும் பேசணும்னு அக்கா கேட்டிருக்காங்க. என் தப்பைச் சொன்னேன். ட்ரில் மாதிரிக் கேட்ட சத்தத்தைப் பத்தியும், அதுனால காத்து போனதையும் மறைக்காமச் சொன்னேன். அக்கா கோபப்படல. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அழுகையை அடக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "கடைசியில தனியா இல்லையே தாயி?"

"இல்லக்கா. நான் கூடவே இருந்தேன். அவரு கேட்ட சத்தத்தைப் போட்டுக்கிட்டே இருந்தேன். அதைக் கேட்டுக்கிட்டே நிம்மதியாப் போய்ட்டாரு."

அக்கா ரொம்ப நேரம் அழுதாங்க. "நீ நல்லா இருப்ப" ன்னாங்க. இந்த மூணு நாள்ல எனக்குள்ள கொஞ்சமாவது நிம்மதின்னு ஒண்ணு இருந்ததுன்னா அது அந்தப் பேச்சுதான்.

நாள் 214, காலை 09:00

பேராசிரியர் செய்தி அனுப்பியிருக்காரு. வழக்கமா பேசுற வேகத்துல பேசல. "ஜெசி, விசாரணைக் குழு அன்னிக்குப் பதிவான அளவுகளைக் கேக்குறாங்க. உன்னால முடியலன்னா நான் பேசி வேற ஆளை ஏற்பாடு பண்றேன். அவசரமில்லம்மா." இந்த மனுஷன் வாயில அவசரமில்லன்னு ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்ல.

நானே பண்றேன்னு சொல்லிட்டேன். அளவுகளைச் சுத்தம் பண்ணி அனுப்புறதுல என்ன இருக்கு. வாரத்துக்கு அஞ்சு நாள் செய்யுற வேலை. தெரிஞ்ச உறுமல் எதுவோ அதைக் கழிச்சா, மிச்சம் பாறையில இருந்து வந்தது எதுவோ அது நிக்கும். பின்னணியைக் கழிக்கிறதுதான் ஏழு வருஷமா எனக்குச் சோறு போடுது.

நாள் 214, காலை 11:20

ஆறாவது தகடு. ஏழாவது தகடு. ரெண்டும் கேட்டுட்டேதான் இருந்திருக்கு.

என் உறுமலைக் கழிச்சேன். மிச்சம் வெறும் கோடா வரும்னு நினைச்சேன். கோட்டுல புள்ளி புள்ளியா வந்து நின்னுது. சீரா, இடைவெளி விட்டு. பாறை அப்படி முனகாது. அண்ணாச்சி தட்டினாத்தான் அப்படி வரும்.

கழிச்சுப் பாக்க மூணு நிமிஷம் ஆச்சு. மூணே நிமிஷம். அன்னிக்குச் சாயங்காலம் இதே மேசையில, இதே கம்ப்யூட்டர் முன்னாடி மணிக்கணக்கா உக்காந்திருந்தேன். குமிழைத் திருகிட்டு, கதை சொல்லிட்டு, ஜெபம் சொல்லிட்டு. கழிச்சுப் பாக்கணும்னு தோணல. மாட்டின ஹெட்போன்ல கேக்கல, அதனால கேக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு மாணவி இப்படி வந்து நின்னா லேபை விட்டே துரத்தியிருப்பேன்.

எண்ணி எழுதுறேன். விசாரணைக் குழுவுக்கு இந்த எழுத்துமுறை தெரியாது. தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு பேர்தான்.

16:41 — போதும். நிறுத்துங்க.

16:58 — நிறுத்துங்க. பேசணும்.

17:16 — கேக்குதா

17:39 — டாக்டரம்மா இருக்கியளா

18:04 — மெஷினப் போட்டுட்டுப் போய்ட்டியளா

18:22 — சரி

மூணு, ஒண்ணு. பன்னெண்டு, மூணு. கடைசித் தட்டுல பலமே இல்ல. மூணாவது தடவை எண்ணிப் பாத்துட்டேன், அது சரிதான். அதுக்கப்புறம் ஆறுலயும் ஏழுலயும் எதுவும் இல்ல. நான் மட்டும் உறுமிட்டு இருக்கேன், எட்டு மணி தாண்டுற வரைக்கும்.

பேசணும்னாரு. என்ன பேசணும்னு

நான் எங்கயும் போகல அண்ணாச்சி. கையை எடுக்கவே இல்ல. இங்கதான்

நாள் 214, மதியம் 13:05

கோப்பை விசாரணைக் குழுவுக்கு அனுப்பியாச்சு, சுத்தம் பண்ணினதும் பண்ணாததும். தட்டுகளுக்கு அர்த்தம் எழுதித் தரணும்னு கேட்டிருக்காங்க. அதை இன்னும் எழுதல.

செண்பகவல்லி அக்கா நாளைக்கு மறுபடி கூப்பிடுறதா சொல்லியிருக்காங்க.